கட்டில் காலடியில் ஒரு ரோமாபுரி அரசி

உங்கள் மேசை இழுப்பறைகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றுப் போனவனுக்கு அடுத்தவர் இழுப்பறையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், பழக்கதோஷம். நாணயப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேரிடம் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. நாலாவது ஆளிடம் ஒரு பொட்டலம் சோடா உப்பு. ஐந்தாவது ஆள் மட்டும் யோக்கியர் என்று சந்தோஷப்பட்டேன். அவர் பைக்குள் இரண்டு எலுமிச்சம்பழம். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்றார். நம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கறுத்துப்போன வெள்ளிக்காசைப் பார்த்தால் கை அரிக்கும். எனக்குத் தெரியாதா? நம் காட்சிக்கூடத்தில் ரோமாபுரி அரசிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் மேல்வரிசையைப் போய்ப் பாருங்கள். உச்சியில் கொண்டை போட்ட ஒரே அரசி, ஐந்து காசுகளில். நான்கு பளபளவென்று இருக்கும், முகமெல்லாம் கீறல். ஐந்தாவது கரிக்கட்டை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கறுப்பைக் காட்டி, "இதை மட்டும் ஏன் விளக்காம வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். மற்ற நான்கும் ஏன் அப்படி இருக்கின்றன என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை.

அந்த நான்கையும் அவற்றோடு வந்த மற்றவற்றையும் நாசம் செய்தவன் நான். ஐந்தாவதைத் திருடியவனும் நான்தான். முதல் குற்றத்தை என் பணிக்காலம் முழுக்க எல்லோரிடமும் சொல்லி, அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டாவதை இன்றைக்குத்தான் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும். பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் உங்கள் மூத்தவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன், அவர்களும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. நான் நீதிமன்றத்தில் சின்ன குமாஸ்தா. பறிமுதல் செய்த சாமான்களை வைக்கும் அறைக்கு நான்தான் பொறுப்பு. அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீமைச் சாராயப் பெட்டி, கைக்கடிகாரம், சீட்டித் துணி, யாரோ யாரையோ அடித்த உலக்கை என்று சகலமும் அங்கே இருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்திய சுங்கக்காரர்கள் காவல், இந்தப் பக்கம் எங்கள் போலீஸ். நடுவில் ஊரே எதையாவது தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்த காலம். பாதி சாமான் கடைசியில் என் அறைக்கு வந்து சேரும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி எந்த உருவத்தில் வந்தாலும் எடைதான் போடுவோம். கொலுசோ, கும்பாவோ, காசோ, தராசில் வை, எடையை எழுது, துணியால் கட்டு, அரக்கு முத்திரை குத்து. எண்ண மாட்டோம். கடத்தல் வெள்ளி என்றால் கட்டிதானே, கட்டியை யார் எண்ணுவார்கள் என்பது நியாயம். அரக்கும் முத்திரையும் யாரிடம் இருந்தன என்றால், என்னிடம்தான். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவருக்கு மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு புதன்கிழமை காலையில் போலீஸ்காரர்கள் ஒரு மண்சட்டியையும், ஒரு வலையையும், ஒரு கட்டுமரம் பறிமுதல் ஆன சீட்டையும் கொண்டுவந்தார்கள். கிளிஞ்சல்மேட்டு மீனவர் முத்தையன் வழக்கு. புயலுக்குப் பிறகு கடல் அரித்துப்போன கரையில் குடிதண்ணீருக்கு ஊற்றுத் தோண்டியிருக்கிறார். மண்வெட்டி சட்டியில் இடித்திருக்கிறது. உள்ளே கன்னங்கரேலென்று இருபது காசுக்கு மேல். அவர் மனைவி அஞ்சலை இரண்டை எடுத்துக்கொண்டு டவுனில் வெள்ளிக்கடையில் காட்ட, கடைக்காரர் உரசிப் பார்த்து நல்ல வெள்ளி என்று சொல்லிவிட்டு, கையோடு போலீசுக்கும் சொல்லிவிட்டார். மீன்பிடிக்கிறவன் வீட்டில் இவ்வளவு வெள்ளி ஏது, கடல்வழியாகக் கடத்தி வந்ததுதான் என்று முத்தையனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

அஞ்சலை சட்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். நான் தராசை எடுத்ததும் அறை வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஐயா, எண்ணி எழுதிக்குங்க. நாளைக்கு ஒண்ணு ரெண்டு கொறஞ்சா எங்க மேலதான் விழும்."

"எடைதாம்மா போடுவோம். எண்ற வழக்கம் இல்ல."

"அதென்ன வழக்கம், மீன்கூடயா இது? சரி, நானே எண்ணி வச்சிருக்கேன், கேட்டுக்குங்க. உச்சிக்கொண்டைக்காரி அஞ்சு பேரு. பின்கொண்டைக்காரி ஒம்போது பேரு. அலஅலயா முடி வச்சிக்கிட்டிருக்கவ மூணு பேரு. மத்தது மொகம் தெரியல. எல்லாம் பொம்பளைங்கதான். விக்டோரியா ராணியும் இல்ல, அவ கிரீடம் வச்சிருப்பா."

சிரித்துவிட்டேன். கொண்டையை வைத்துக் காசு பிரிக்கிறாளே என்று அன்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் புத்தகங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது, உலகத்துப் பெரிய படிப்பாளிகள் எல்லோரும் ரோமாபுரி அரசிகளைக் கொண்டையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உச்சிக்கொண்டை தாய், பவுஸ்தினா. பின்கொண்டை அவள் மகள், அவளுக்கும் அதே பெயர். அஞ்சலை ஒரு காலைப்பொழுதில் செய்த வேலையை நான் மூன்று வருடம் படித்துக் கற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அறையைப் பூட்டுவதற்கு முன்னால் முத்திரைக் கட்டை அவிழ்த்துச் சட்டிக்குள் கை விட்டேன். ஏன் என்று கேட்டால் இன்றும் உருப்படியான காரணம் கிடையாது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். என் மனைவி தண்ணீர் எடுக்கப் போகும்போது முடியை அள்ளி உச்சியில் ஒரு கொண்டை போடுவாள். அதே கொண்டை, கடல் கடந்து வந்த ஒரு வெள்ளிக்காசில். அவளிடம் காட்டிவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். திருடுகிறவன் எவனும் திருடுவதாக நினைத்துக்கொள்வதில்லை, ஒருநாள் கடன் வாங்குவதாகத்தான் நினைத்துக்கொள்வான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்துக் கோவில்பத்தில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"இங்க வா, ஒன்ன மாதிரியே ஒருத்தி இருக்கா பாரு" என்று காசை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"எனக்கு இந்த மூக்கா? இந்த ரெட்டத் தாடையா எனக்கு?"

"ஐயய்யோ, கொண்டையச் சொன்னேன்."

"கொண்டையச் சொல்றவங்க கொண்டைன்னு சொல்லணும். ஒன்ன மாதிரியே இருக்கான்னா?"

அன்றைக்குச் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. காலையில் காசை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்வதைவிட, அந்தப் பேச்சை மறுபடி எடுக்கப் பயந்தேன் என்பதே சரி.

வியாழக்கிழமை அலுவலகம் போனால் பெரிய குமாஸ்தா காத்திருந்தார். அவர் காரைக்கால் முஸ்லிம் வணிகக் குடும்பத்துக்காரர். அப்பா காலத்தில் கப்பல் வைத்திருந்தார்கள், இவர் காலத்தில் பேனா. அதிகம் பேச மாட்டார், பேசினால் சத்தம் வராது. "தம்பி, திங்கக்கெழம விசாரணை. புதுச்சேரியிலேர்ந்து பழங்காசு நிபுணர் வர்றாராம். சாயந்தரம் நாலு மணிக்கு நானும் நீங்களும் சேந்து அந்தச் சட்டிய மறுபடி எடை போட்டுக் கையெழுத்து வச்சிரணும்" என்றார்.

மத்தியானம் சோற்று நேரத்தில் வெயிலில் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு ஓடினேன்.

"அந்தக் காசு எங்க?"

"எந்தக் காசு? ஒங்க மூக்குக்காரியா? எங்கயோ உருண்டு போயிட்டா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அரிசிப் பானை, உரல், அஞ்சறைப்பெட்டி, பாய்ச்சுருள், எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துத் தேடினேன். கிடைக்கவில்லை. மணி ஒன்றரை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஒரு காசின் எடை குறையும். குறைந்தால் காரணம் வேண்டும். என்ன காரணம்? அப்போதுதான், நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த மளிகைக்கடையைப் பார்த்ததும், என் மூளை எனக்கு அபாரமான ஒரு வழியைக் காட்டியது. காசுகளை விளக்கிவிட்டால் அழுக்குப் போகும். அழுக்குப் போனால் எடை குறையத்தானே செய்யும்!

உருண்டைப் புளி, கல்லுப்பு, ஒரு செங்கல்லை உடைத்துப் பொடி, தேங்காய் நார். நீதிமன்றத்துக்குப் பின்புறம் கிணற்றடியில் உட்கார்ந்து அத்தனை அரசிகளையும் தேய்தேய் என்று தேய்த்தேன். ஆயிரத்து எழுநூறு வருடத்துக் கறுப்பு ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. மூன்றரை மணிக்கு அவர்கள் வெயிலில் காய்ந்துகொண்டு மின்னினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலு மணிக்குத் தராசு. எடை குறைந்தது. "அழுக்கெல்லாம் போயிடுச்சுங்க. நிபுணர் முன்னாடி அப்படியே வச்சா மரியாதையா இருக்காதுன்னு வெளக்கி வச்சேன்" என்றேன்.

பெரிய குமாஸ்தா தராசுத் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அழுக்கு இம்புட்டு கனமா இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிக்கிட்டேன் தம்பி" என்றார். 'அழுக்கு நீங்கியதால் எடைக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் அன்றே கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லாதவரை எனக்குத் தெரியாதது போல நடந்துகொள்ள முடிந்தது.

திங்கட்கிழமை நிபுணர் வந்தார். புதுச்சேரித் தமிழர்தான், கோட்டும் தொப்பியும் போட்டவர். பாரீசில் படித்தவர், அரசாங்கத்தின் பழங்காசுச் சேகரத்துக்குப் பொறுப்பாளர். விசாரணை நீதிபதி வெள்ளைக்காரத் துரை. ஒரு தட்டில் துணி விரித்துக் காசுகளை நான்தான் வகைவாரியாக அடுக்கி வைத்தேன். முத்தையன் கைவிலங்கோடு ஓரமாக நின்றார். அஞ்சலை கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நிபுணர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது காசிலேயே கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். துரைக்குப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"இதெல்லாம் புதுச் சரக்கு. அச்சுல வார்த்து, அரத்தால ராவியிருக்காங்க. ராவின தடம் இன்னும் பச்சையா இருக்கு. இந்தக் கரையில கிடைக்கிற ரோமாபுரி வெள்ளியில பெரும்பாலும் ஆம்பளத் தலைதான் இருக்கும், அதுவும் இதுக்கு முந்தின ராஜாக்கள். ஒரே சட்டியில இத்தனை ராணிங்களா? கள்ளக்காசு அடிச்சவன் கொஞ்சம் ரசிகன் போல."

அவர் அரம் என்று நினைத்தது என் செங்கல் பொடியை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

துரையின் முகம் இறுகியது. கடத்தல் என்றால் அபராதம், ஆறு மாதம். கடத்திய வெள்ளியில் கள்ளக்காசு அடித்தது என்றால் வழக்கே வேறு, பல வருடம் கடுங்காவல், கட்டுமரம் ஏலம். இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் முத்தையன் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார். அஞ்சலை எழுந்து நின்று என்னைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"ஐயா, கறுப்பாத்தானே குடுத்தோம்! நீங்கதானே கையால வாங்குனீங்க! சொல்லுங்கய்யா!"

எத்தனையோ பேர் என் துணிச்சலைப் பாராட்டியிருக்கிறார்கள். துணிச்சலெல்லாம் இல்லை. அந்தப் பெண் அப்படிக் கேட்டபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. "நான்தான் புளி போட்டு வெளக்கினேன். செங்கல் பொடியும் போட்டேன். வர்றப்போ எல்லாம் கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றேன். அறையில் ஒருவர் சிரித்தார். ஏன் விளக்கினாய் என்று துரை கேட்டார். மரியாதைக்கு என்றேன். அந்தப் பொய் கூச்சமே இல்லாமல் வந்தது.

நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இவன் கரி பூசி வச்சிருந்தான்னு போலீசு சொல்லுது. நீங்க பழைய கறுப்புன்னு சொல்றீங்க. நான் ரெண்டையும் பாக்கல. பாக்காதத நான் எழுத முடியாது. ஒண்ணு, ஒரே ஒண்ண வெளக்காம வுட்டு வச்சிருக்கீங்களா?"

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் அப்படி ஒரே ஒரு காசு இருந்தது. அது எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும், எப்படி உன் வீட்டுக்குப் போனது என்று கேட்டால் வேலை போகும், முத்தையன் நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும். "இல்லீங்க" என்றேன். துரை கடிகாரத்தைப் பார்த்து, மறுநாள் காலை பத்து மணிக்கு உத்தரவு என்று சொல்லி எழுந்தார்.

வெளியே வரும்போது அஞ்சலை வழிமறித்துத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க ஒருத்தர்தான்யா எங்களுக்காக வாயத் தொறந்தீங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்தது, எடை போட்டது, விளக்கியது, ஒரு ஆள் உள்ளே போகப்போவது, எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனது உறைத்தது. வெள்ளிக்கிழமை அவள் குத்துவிளக்கு முதல் குங்குமச்சிமிழ் வரை எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்குவாள்.

"அடியே, அவளையும் தொலக்கிட்டியா?"

"அவள நான் எதுக்குத் தொலக்கணும்?" என்று எழுந்து போனாள். கட்டிலின் இடது பின்காலை ஒரு கையால் தூக்கி, அடியிலிருந்து காசை எடுத்து என் முன்னால் வைத்தாள். கட்டில் உடனே ஒருபக்கம் சாய்ந்தது. அந்தக் கட்டில் கல்யாணத்துக்கு வந்த நாளிலிருந்து ஆடும். தச்சரைக் கூப்பிடச் சொல்லி அவள் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் ஆடாத கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறேன், ஏன் ஆடவில்லை என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் பிறகு உங்கள் மூத்தவர்களுக்கு உற்றுப்பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்.

"அந்தப் பொம்பள பாவம். நாளைக்கிக் கொண்டுபோய்க் குடுத்துட்டு உண்மையச் சொல்லிருங்க" என்றாள் மனைவி.

"சொன்னா வேலை போயிரும்."

"போனா போவுது. அவ புருசனே போவப்போறான்" என்றாள்.

சரி என்று சொல்லித்தான் காலையில் கிளம்பினேன். அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டேன். பறிமுதல் அறையில் அந்த மண்சட்டி மூலையில் இருந்தது. அடியில் கடல்மண் இறுகிப்போய் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த உடனே, வியாழக்கிழமை வேலை செய்த அதே மூளை மறுபடி வேலை செய்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, மண்ணைக் குழைத்து, காசை உள்ளே அழுத்தி, மேலே தடவிவிட்டேன். அரசி பாதி முகம் தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள்.

நிமிர்ந்தால் வாசலில் பெரிய குமாஸ்தா. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. உள்ளே வந்தார், பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"கையத் தொடச்சிக்குங்க தம்பி. சேத்துக் கையோட துரை முன்னாடி போவக் கூடாது."

துடைத்துக்கொண்டேன்.

"நான் எல்லாத்தையும் சொல்லிரலாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மத்தத அல்லா கேக்கும்போது சொல்லிக்கலாம்" என்று கைக்குட்டையை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அவர் என்னைக் காப்பாற்றினாரா, முத்தையனைக் காப்பாற்றினாரா, அழுக்கின் எடைக்குத் தான் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

பத்து மணிக்குச் சட்டியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். "அடியில ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்குதுங்க" என்றேன். நிபுணர் பேனாக்கத்தியால் மண்ணைப் பிசகாமல் பெயர்த்து எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். தட்டிலிருந்த உச்சிக்கொண்டை நாலில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது.

"இது பூசின கறுப்பு இல்ல, வெளஞ்ச கறுப்பு. பாருங்க, மணலும் கிளிஞ்சல் பொடியும் வெள்ளியோட சேந்து இறுகிப் போயிருக்கு. இதுக்கு நூத்துக்கணக்கான வருஷம் வேணும். ரெண்டுலயும் தாடைக்குக் கீழ ஒரே எடத்துல ஒரே வெடிப்பு இருக்கு, ஒரே அச்சு. இது நெசம்னா அதுவும் நெசம். அந்தக் காலத்து ராஜா செத்துப்போன பொண்டாட்டிக்காக அடிச்ச காசு இது."

துரை என் பக்கம் திரும்பி, இதை முன்பே பார்த்தாயா என்று கேட்டார். பெரிய குமாஸ்தாதான் மொழிபெயர்த்தார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இல்லீங்க" என்றேன்.

அது என் இரண்டாவது 'இல்லீங்க'. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான். முத்தையனின் விலங்கைக் கழற்றினார்கள். காசுகள் புதையல் என்று அரசாங்கத்துக்குப் போயின. வலையும் கட்டுமரமும் திரும்பக் கிடைத்தன. துரை எழுந்து போகுமுன் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். யாரும் கேட்காதபோது தன் தவறைத் தானே சபையில் ஒப்புக்கொள்ளும் ஊழியர் அபூர்வம் என்றாராம். அதைக் கேட்டு நிபுணர் தலையாட்டினார். காசுகளோடு என்னையும் புதுச்சேரிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். நேர்மையான ஆள் தேவையாம். நான் இந்தத் துறைக்கு வந்த கதை அதுதான். கொடி மாறியது, சேகரம் கைமாறியது, நானும் அதோடு மாறிமாறி வந்து இங்கே உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். நேர்மைக்காரன் என்ற பெயர் மட்டும் என் பணிக்குறிப்பில் மாறவில்லை.

இரண்டு நாள் கழித்து அஞ்சலை வலையை வாங்கிக்கொள்ள வந்தாள். சீட்டில் கைநாட்டு வைத்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"ஐயா, உச்சிக்கொண்டைக்காரி அஞ்சு பேருன்னு மொத நாளே சொன்னேன்ல. திங்கக்கெழம தட்டுல நாலு பேருதான் இருந்தாங்க. எண்ணிப்பாத்தேன்."

கைநாட்டு வைத்த சீட்டை மடிக்கத் தொடங்கினேன்.

"செவ்வாக்கெழம காலயில அஞ்சாவது ஆளு சட்டிக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்டிருக்கா. ஒங்க வூட்டுக்கு விருந்துக்குப் போயிட்டு வந்தா போலருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.

"திங்கக்கெழமயே ஏன்மா சொல்லல?"

"எனக்காகப் பேசுன ஒரே ஆளையும் மாட்டிவுட்டுட்டு நான் யாரப் போய்க் கேக்கறது? ஆனா ஒண்ணு ஐயா. நல்லவேள நீங்க அவள எடுத்தீங்க. எடுக்காம இருந்திருந்தா அவளையும் சேத்து வெளக்கியிருப்பீங்க. நீங்க யோக்கியமா இருந்திருந்தா எம் புருசன் உள்ள போயிருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா, அவளை எடுத்ததால்தான் எடை குறைந்தது, எடை குறைந்ததால்தான் விளக்கினேன், நான் எடுக்காமல் இருந்திருந்தால் உன் புருஷன் திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்திருப்பான் என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம்தான். சொல்லவில்லை. அவள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் புதுச்சேரிக்குப் போகும்வரை வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் மீன் வந்து இறங்கியது. கொடுவா வரும், கிடைக்காத வாரம் இறால் வரும். காசு கொடுத்தால் அஞ்சலை வாங்க மாட்டாள். என் மனைவி குழம்பு வைப்பாள், எனக்குப் பரிமாறுவாள், தான் தொட மாட்டாள். "அந்தப் பொம்பளகிட்ட நெசத்தச் சொல்லுங்க, அப்பறம் நான் சாப்புடறேன்" என்பாள். நான் சாப்பிட்டேன். ருசியில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, பிரஷையும் சோடா உப்பையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடியுங்கள், எதையும் எடை போடுவதற்கு முன்னால் எண்ணுங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நாளைக்கு உங்களில் ஒருவர் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நான்தான் கெடுத்தேன்" என்று கண்கலங்கச் சொல்லும்போது, உடனே தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்து, ஏன் செய்தாய் என்று இன்னொரு முறை கேளுங்கள். என்னை ஒருவராவது இரண்டாவது முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். அந்தக் கறுப்புக் காசுக்கு எதிரே, பதிவேட்டில், 'சட்டியின் அடியில் ஒட்டியிருந்தது' என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம், நாம் எதையும் அழிப்பதில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, மேலே இப்படி எழுதுங்கள்: 'கோவில்பத்து, குமாஸ்தா வீட்டுக் கட்டிலின் இடது பின்கால் அடியில், ஐந்து நாள்.' கீழே நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பாதுகாத்தவர் என்ற கட்டத்தில் மட்டும் என் பெயரை எடுத்துவிட்டு என் மனைவி பெயரைப் போடுங்கள். அந்தச் சட்டியில் வந்த அத்தனை அரசிகளிலும் ஒருத்தியையாவது உருப்படியாகப் பாதுகாத்தவள் அவள்தான்.